பால் குறைவுக்குக் காபி மேல் பழி: தத்துக் குழந்தைக்காகப் பால் சுரக்க வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரசவம் ஆகாமலேயே, தத்தெடுக்கும் குழந்தைக்காகப் பால் சுரக்க வைக்க முடியும். மார்பில் பால் எடுக்கும் பம்ப் வைக்கத் தொடங்கிய முதல் வாரங்களில் அது சொட்டுச் சொட்டாகத்தான் வரும். “காபி குடிக்காதே, பால் வத்திடும்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லத் தொடங்குவதும் அப்போதுதான். அளவாகக் குடிக்கும் காபியால் பால் குறைகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. காபியை விட்டால் போதும் என்று நம்பி உண்மையான காரணத்தைத் தேடாமல் இருப்பதுதான் நாம் அதிகம் பார்க்கும் முதல் தவறு.

மார்பு எத்தனை முறை காலியாகிறதோ, அதைப் பொறுத்துத்தான் பால் ஊறும். 24 மணி நேரத்தில் குறைந்தது 8 முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் 15 முதல் 20 நிமிடம் பம்ப் வைக்க வேண்டும். பகலில் ஆறு முறை வைத்துவிட்டு இரவு முழுக்கத் தூங்கிவிடுபவர்களே அதிகம். பாலை ஊற வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் கூடுதலாகச் சுரப்பது இரவில்தான். அதனால் நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் நடுவில் ஒரு முறையாவது எழ வேண்டும். பம்பின் புனல் அளவையும் பாருங்கள். காம்பின் விட்டத்தைவிட 2, 3 மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் போதும். புனல் பெரிதாகிவிட்டால் காம்போடு சுற்றியுள்ள கருவட்டமும் உள்ளே இழுபட்டு வீங்கும். வலி இருக்கும், பால் வராது.

காபியை எண்ணவே வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. பாலூட்டும் பெண்ணுக்கு ஒரு நாளுக்கு 200 மில்லிகிராம் காஃபின் வரை பாதுகாப்பு என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கு. சிலர் 300 வரை சொல்வார்கள். 200 என்றே வைத்துக்கொள்வது நல்லது. டம்ளரை எண்ணினால் கணக்கு தப்பும், பொடியை நிறுக்க வேண்டும். 80க்கு 20 சிக்கரி கலந்த பொடி 20 கிராம் ஃபில்டரில் போட்டால் அதில் காபி 16 கிராம். சிக்கரியில் காஃபின் இல்லை. அரபிகாவாக இருந்தால் அந்த 16 கிராமில் சுமார் 190 மில்லிகிராம் இருக்கும், ரொபஸ்டா என்றால் 300க்கு மேல். முதல் டிகாஷனிலேயே பெரும்பகுதி இறங்கிவிடும். அதை இரண்டு பேர் பகிர்ந்தால் ஆளுக்குப் பாதி. ஒரு கப் டீக்கு 30 முதல் 50 வரை சேருங்கள். ஆபீஸில் பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் வரும் டீயை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அளவைவிட எதோடு சேர்த்துக் குடிக்கிறீர்கள் என்பதுதான் பெரிய விஷயம். குழந்தை வருவதற்குச் சில மாதங்கள் முன்பே தொடங்கும் முறையில் முதலில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் கலந்த கருத்தடை மாத்திரை கொடுப்பார்கள். அதை நிறுத்திய பிறகுதான் பம்ப். இந்த மாத்திரை, காஃபினைக் கல்லீரல் கழிக்கும் வேகத்தைக் குறைக்கிறது. சாதாரணமாக 5 மணி நேரத்தில் பாதியாகும் காஃபின், மாத்திரை சாப்பிடும் காலத்தில் ஏறக்குறைய 10 மணி நேரம் எடுக்கும். மாலை 4 மணிக் காபியில் பாதி, அதிகாலை 2 மணிக்கும் உடம்பில் இருக்கும். தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிடும் பெண்கள் உண்டு. அந்த மாதங்களில் கடைசிக் காபியை மதியத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். ரத்தக் கொதிப்பு, ரத்தம் உறைந்த வரலாறு, கண்ணில் ஒளிக்கீற்றுகள் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த மாத்திரையே வேண்டாம் என்று மருத்துவர் சொல்லக்கூடும். மறைக்காமல் சொல்லுங்கள்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு விடியற்காலைக் காபிதான் சிக்கல். மாத்திரையை வாயில் போட்டு, அடுத்த நிமிடமே காபி குடித்தால் மருந்து முழுதாக உடம்பில் சேராது. தைராய்டு குறைந்தால் பாலும் குறையும். காபி பாலைத் தொடுவது இப்படிச் சுற்றுவழியில்தான். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, காபி ஒரு மணி நேரம் கழித்து. இரும்புச்சத்து மாத்திரையைத் தைராய்டு மாத்திரையிலிருந்து 4 மணி நேரம் தள்ளிப் போடுங்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கும் காபி, டீக்கும் இடையிலும் ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

வாந்தி, குமட்டலுக்கான மருந்தான டொம்பெரிடோன் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. புரோலாக்டினைக் கூட்டுவதால் பாலுக்காகத் தருகிறார்கள், ஆனால் இதற்கென்று அனுமதி பெற்ற மருந்தல்ல. இதயத் துடிப்பின் சீரைக் கெடுக்கவும் கூடும். இதைச் சாப்பிடும்போது படபடப்போ மயக்கமோ வந்தால், காபியாக இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். உடனே ஈசிஜி எடுக்க வேண்டும். வேலூர் சி.எம்.சி.யோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ, எதற்குப் போனாலும் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். கேஸ் தொல்லைக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் பான்டபிரசோல் கேப்சூல்கள் பலவற்றில் 30 மில்லிகிராம் டொம்பெரிடோன் சேர்ந்தே இருக்கிறது. தெரியாமல் இரண்டையும் சாப்பிட்டால் அளவு கூடிவிடும். பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோல், ஆன்டிபயாடிக்குகளான எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் ஆகியவற்றோடும் டொம்பெரிடோன் சேரக்கூடாது. நிறுத்துவதென்றால் மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான்.

பூண்டு, முருங்கைக்கீரை, சுறாப்புட்டு எல்லாம் நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் பம்ப் செய்யும் வேலையை அவை செய்யாது. சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் வெந்தயத்தை அள்ளிச் சாப்பிட வேண்டாம், சர்க்கரை இறங்கிவிடும்.

குழந்தையின் வயதையும் கணக்கில் எடுங்கள். பெற்றவர்கள் ஒப்படைத்த குழந்தையை 60 நாள் கழித்தே சட்டப்படி தத்துக்குத் தர முடியும் என்பதால், மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான காரா வழியாக வரும் குழந்தைக்குப் பெரும்பாலும் இரண்டு மாதம் தாண்டியிருக்கும். பால் வழியாகச் சேரும் காஃபின் பாதியாகப் பச்சிளம் குழந்தைக்கு 80 முதல் 100 மணி நேரம் ஆகும். 3 முதல் 5 மாதத்தில் அது 14 மணி நேரம் அளவுக்கு இறங்குகிறது. குறைமாதக் குழந்தைக்கு இந்தக் கணக்கு பின்தங்கும். மருத்துவ அறிக்கையில் எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்று பார்த்து, குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு, பால் வருகிறதே என்று புட்டிப்பாலைத் தானாகக் குறைப்பது, அல்லது தண்ணீர் கூட்டிக் கலப்பது. பெரும்பாலோருக்கு முழுத் தேவைக்கும் பால் வராது, அது தோல்வியும் அல்ல. மீதியை, காம்போரம் ஒட்டிய மெல்லிய ஃபீடிங் டியூப் வழியாகக் கொடுத்தால் குழந்தை மார்பிலேயே குடிக்கும், சுரப்பும் தூண்டப்படும். டியூப் பழகாவிட்டால் பாலாடையில் கொடுக்கலாம். முதல் மூன்று மாதங்களில் எடை நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும், சிறுநீர் ஆறு முறையாவது போக வேண்டும். வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை பாருங்கள். அது சரியாக ஏறினால் மட்டும், மருத்துவர் சொல்லும் அளவுக்குப் புட்டிப்பாலைக் குறைக்கலாம்.

பம்ப் செய்த பால் வெளியே 4 மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரிக்கான கணக்கு. 40 டிகிரி தொடும் நம்ம ஊர் மே மாதத்தில் அது செல்லாது. எடுத்ததும் ஃபிரிட்ஜின் உள்பக்கம் வையுங்கள், கதவில் வேண்டாம்.

காபியைக் குறைப்பதானால் குழந்தை வரும் நாளில் தொடங்காதீர்கள். காராவின் இணையதளமான காரிங்ஸில் குழந்தையின் விவரம் வந்தால் 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதன் பிறகு அலைச்சல்தான். திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலைவலி பிடிக்கும், சிலருக்கு ஒரு வாரம்கூட நீடிக்கும். பட்டியலில் காத்திருக்கும்போதே, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை டம்ளர் வீதம் குறைத்து வாருங்கள். நடுவில் தலைவலி வந்தால் பாராசிட்டமால் மட்டும் உள்ள மாத்திரையாகப் பார்த்து வாங்குங்கள். கடையில் கிடைக்கும் சில தலைவலி மாத்திரைகளில் காஃபினும் சேர்ந்திருக்கும்.