மலைநாட்டு வீதிகளில் அடுத்தவரை வதைக்கும் ஓட்டப் பழக்கங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலைநாட்டின் ஹற்றன், நுவரெலியா, பதுளைப் பக்கத்து வீதிகளில் ஒரு பக்கம் மண்மேடும் கானும் (மழைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால்) இருக்கும், மறுபக்கம் பள்ளம். சமவெளியில் ஒருவர் தப்பாக ஓட்டினால் மற்றவர் ஒதுங்கிக்கொள்ளலாம். இங்கே ஒதுங்க இடம் கிடையாது. எதிரே வரும் வண்டிக்கு எவ்வளவு பாரம், எவ்வளவு நீளம், அது எங்கே நிற்க முடியும் என்று யோசிக்காமல் ஓட்டுவதுதான் கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம்.

ஏறி வருகிற வண்டியை நிறுத்த வைப்பது

ஒடுங்கிய சரிவில் இறங்கி வருபவர்தான் நின்று வழிவிட வேண்டும். தேயிலை மூட்டை ஏற்றிய லொறி ஏற்றத்தில் ஒருமுறை நின்றுவிட்டால், ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து, கிளச்சைப் பாதி விட்டு, முதல் கியரில் மறுபடி இழுக்க வேண்டும். அந்த இழுபறியில் வண்டி ஓரிரு அடி பின்னுக்கு உருளும். பின்னால் ஒட்டி நிற்கும் ஆட்டோவை நசுக்க அது போதும். இறங்குகிறவருக்கோ பிரேக்கை மிதித்து நிற்பதும் விட்டுக் கிளம்புவதும் ஒரு வேலையே இல்லை.

தேயிலைச் செடி இடுப்பளவுதான். அதனால் பல இடங்களில் கீழ்முடக்கில் (கீழ் வளைவில்) என்ன ஏறுகிறது என்று மேலேயிருந்தே தெரியும். பஸ்ஸோ லொறியோ கண்ணில் பட்டதும், கைக்கு எட்டிய முதல் அகலமான இடத்திலேயே நின்றுவிடுங்கள். ஒடுங்கிய இடம்வரை போய் முகத்துக்கு முகம் நின்ற பிறகு பின்னெடுப்பது இரண்டு பேருக்கும் கஷ்டம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பள்ளப் பக்கம் இருக்கும் வண்டியை "இன்னும் கொஞ்சம் ஓரமா எடுங்க" என்று ஹோர்ன் அடித்து விரட்டாதீர்கள். மழைக்காலத்தில் தார் விளிம்புக்கு வெளியே உள்ள மண் மேலே கெட்டியாகத் தெரியும், சில்லு (சக்கரம்) ஏறியதும் உள்வாங்கிவிடும். விளிம்பிலிருந்து மூன்று அடியாவது அவருக்கு விட வேண்டும். ஒதுங்க வேண்டியது மண்மேட்டுப் பக்கம் இருப்பவர். கானில் சில்லு இறங்கினால் நாலு பேர் தள்ளி எடுத்துவிடலாம். 2021 மார்ச் 20 அன்று பசறை 13ஆம் கட்டை (மைல்) பகுதியில், பாறை விழுந்து ஒடுங்கிக் கிடந்த இடத்தில் டிப்பர் ஒன்று எதிரே வந்தபோது, ஒரு தனியார் பஸ் பள்ளத்தில் விழுந்து குறைந்தது 14 பேர் இறந்தார்கள். ஒடுங்கிய இடத்தில் யார் முதலில் போவது என்ற கேள்வி எவ்வளவு பாரமானது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

முடக்கில் பஸ்ஸுக்கு உட்புறமாக நுழைவது

மோட்டார் சைக்கிளும் ஆட்டோவும் அதிகம் செய்யும் தவறு இது. இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி முடக்கில் நீளமான பஸ் முதலில் வலப்பக்கமாக அகலப் போகும், அதற்குப் பிறகுதான் இடப்பக்கம் வளைக்கும். அந்தக் கணத்தில் பஸ்ஸுக்கும் கானுக்கும் நடுவே தாராளமாக ஒரு வழி திறந்தது போலத் தெரியும். உண்மையில் அது பின்சில்லுக்கான இடம். முன்சில்லு போன தடத்தில் பின்சில்லு போகாது, உட்புறமாக வெட்டிக்கொண்டு வரும். நீங்கள் பாதி நுழைந்திருக்கும்போது அந்த இடைவெளி மூடும், சாரதியின் கண்ணாடியிலும் நீங்கள் தெரியமாட்டீர்கள்.

பஸ் முடக்கை முழுதாக முடிக்கும்வரை பின்னாலேயே நில்லுங்கள். எதிர்ப்பக்கம் வருபவராக இருந்தால் முடக்குக்கு 10, 15 மீற்றர் முன்பே நின்று, வீதி முழுவதையும் அதற்கு விட்டுவிடுங்கள். முடக்கின் வாயில் மூக்கை நீட்டி நிற்கும் ஒரு கார், பஸ்ஸை இரண்டு முறை முன்னே பின்னே எடுக்க வைத்துவிடும். பின்னால் இருபது வண்டி தேங்கும்.

ஹோர்ன், லைட், சிக்னல்

மறைவான முடக்குக்கு முன் ஒரு சின்ன ஹோர்ன், அவ்வளவுதான் தேவை. கையை எடுக்காமல் அடித்துக்கொண்டே வந்தால், எதிரே வருபவர் அடிப்பது உங்களுக்கே கேட்காது. ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கி, பாட்டுச் சத்தத்தைக் குறைத்து வையுங்கள்.

நானுஓயா, அம்பேவெல, கந்தப்பளை, ஹப்புத்தளைப் பக்கம் பட்டப்பகலில்கூட மூட்டம் இறங்கும். அப்போது ஹை பீம் போட்டால் வெளிச்சம் மூட்டத்தில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணையே அடைக்கும், எதிரே வருபவருக்கும் கண் கூசும். டிப் லைட் போடுங்கள். பார்க் லைட் மட்டும் போட்டால் எதிரே வருபவருக்கு ஒன்றும் தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஹசார்ட் லைட் போடுவது பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். பல வண்டிகளில் ஹசார்ட் எரியும்போது நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்பதைக் காட்டவே முடியாது. அதை நின்றுபோன வண்டிக்கு விட்டுவிடுங்கள்.

முன்னால் போகும் லொறி இடப்பக்கச் சிக்னல் போட்டால் "முந்திக்கொள்" என்ற அர்த்தம் வழக்கத்தில் இருக்கிறது. அதே சிக்னல் தோட்டத்துப் பாதைக்குத் திரும்பப் போகிறது என்றும் இருக்கலாம். எதிரே வருபவர் லைட்டை அடித்தால் "நான் வருகிறேன், நில்" என்பதுதான் இங்கே பெரும்பாலும் அர்த்தம். வெளிநாட்டிலிருந்து வந்து ஆட்டோவை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவர்கள் இதை "நீ வா" என்று எடுத்துக்கொள்வதுண்டு. லைட்டை நம்பாமல் வண்டியின் சில்லையும் வேகத்தையும் பாருங்கள்.

நியூட்ரலில் இறக்குவது

இது உங்கள் சொந்த விஷயம் அல்ல. பிரேக் போனால் முன்னால் போகிறவர்தான் முதலில் அடிபடுவார். எண்ணெய் (பெட்ரோல், டீசல்) மிச்சம் என்பதும் தவறான கணக்கு. இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் கியரில் இருந்தபடி அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எண்ணெய் போவது ஏறக்குறைய நின்றுவிடும். நியூட்ரலில் எஞ்சின் ஓட எண்ணெய் போய்க்கொண்டேதான் இருக்கும்.

ஒரு மேட்டை எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஓட்டோ கியர் வண்டியில் L அல்லது 2, ஹைப்ரிட் காரில் B. கினிகத்தேனையிலிருந்து கித்துல்கல வரையிலும், றம்பொடையிலிருந்து கீழேயும் போகும் இறக்கங்கள் நீளமானவை. காலை பிரேக்கிலேயே வைத்திருந்தால் லைனிங் சூடேறிப் பிடிமானம் குறையும். கருகிய வாடை வந்தாலோ பெடல் மெத்தென்று இறங்கினாலோ, அகலமான இடம் பார்த்து நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றாதீர்கள், ட்ரம் விரிசல் விடும்.

நடந்து போகிறவர்கள்

நடைபாதை இல்லாத வீதிகளில் காலை 7 மணிக்கு வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் கான் ஓரமாக வரிசையாக வருவார்கள். மழை பெய்த மறுநாள் குழியில் தேங்கிய செம்மண் தண்ணீரில் வேகமாகச் சில்லை விட்டால் அத்தனை சட்டையும் நாசம். நனைந்த பிள்ளை இரண்டு கட்டை திரும்பி லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) நடக்கும், அன்றைய பாடம் போய்விடும். அந்த இடத்தில் 20 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போகக் காரணமே இல்லை. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்திலும் அப்படித்தான். முதுகில் சாக்கோடு வீதியைக் கடக்கிறவரால் உங்கள் ஹோர்னுக்குத் துள்ளி ஓட முடியாது.

நிறுத்துமிடமும் சில்லுக் கல்லும்

டெவன், சென் கிளயர் நீர்வீழ்ச்சிகளைப் படம் பிடிக்க வீதியிலேயே பாதி வண்டியை விட்டுவிட்டு இறங்குகிறார்கள். பார்ப்பதற்கென்று ஒதுக்கிய இடத்தில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் முடக்கிலிருந்து 30 மீற்றராவது தள்ளி, முழு வண்டியும் தாரை விட்டு இறங்கும்படி. முன்சில்லை மண்மேட்டுப் பக்கம் திருப்பி வையுங்கள். வலப்பக்கக் கதவைத் திறக்கும் முன் கண்ணாடியைப் பாருங்கள்.

பழுதாகி நின்ற வண்டிக்குச் சில்லில் கல் வைப்பது சரியான பழக்கம். பின்னால் கொப்பு வெட்டிப் போடுவதும் அப்படியே. வண்டி கிளம்பிய பிறகு கல்லும் கொப்பும் நடுவீதியிலேயே கிடப்பதுதான் கொடுமை. இரவில் மூட்டத்துக்குள் வரும் மோட்டார் சைக்கிளுக்கு அந்தக் கல் சில்லுக்கு ஒரு அடி முன்னால் வந்த பிறகுதான் தெரியும். கிளம்பி, வசதியான இடத்தில் நிறுத்தி, உதவியாளரை அனுப்பி எடுக்கச் சொல்லுங்கள். கானுக்குள் தள்ளிவிடவும் கூடாது. கான் அடைபட்டால் அடுத்த மழைக்குத் தண்ணீர் வீதிக்கு ஏறும். கானைத் தாண்டி மண்மேட்டோரம் வையுங்கள், அடுத்து அங்கே பழுதாகி நிற்கிறவருக்கு அந்தக் கல் உதவும்.