கதிர்காமப் பாதயாத்திரைக்குக் காலையும் உடலையும் ஆயத்தப்படுத்தல்

மட்டக்களப்பிலிருந்தோ அம்பாறைக் கரையோர ஊர்களிலிருந்தோ கதிர்காமத்துக்கு நடந்து செல்ல விரும்புவோர் பலர், திருவிழாவின் கொடியேற்றத் திகதி தெரிந்த பிறகே ஆயத்தங்களைத் தொடங்குகின்றனர். பொதி கட்டுவதற்கு அந்த அவகாசம் போதும், கால்களுக்குப் போதாது. காட்டு வழி தொடங்கும் உகந்தையைத் தாண்டி இரண்டு நாள் நடந்துவிட்டால், திரும்பி வருவதும் முன்னே செல்வதும் ஏறத்தாழ ஒரே அளவு கடினமாகிவிடும். எனவே தன் பாதம் எவ்வளவு தாங்கும், தனக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும், தன் இயல்பான நடைவேகம் எது என்பவற்றை ஒருவர் அறிந்துகொள்ள வேண்டிய இடம் சொந்த ஊர் வீதியே. குறைந்தது ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்னரே நடக்கத் தொடங்க வேண்டும்.

முதலில் வழியின் தன்மையை விளங்கிக்கொள்வது நல்லது. மட்டக்களப்பு நகரிலிருந்து களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி ஊடாகப் பொத்துவில் வரை செல்லும் தார்வீதி 100 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலானது. இந்தப் பகுதியில் கோயிலும் கடையும் வைத்தியசாலையும் பேருந்தும் கிடைப்பதால், இயலாமற்போனவர் எந்த இடத்திலும் பயணத்தை நிறுத்திக்கொள்ளலாம். பொத்துவிலிலிருந்து பாணமைக்கும், அங்கிருந்து உகந்தைக்கும் தனித்தனியே 15 கிலோமீற்றர் அளவு இருக்கும். பாணமைக்குப் பின் ஊர்மனை இல்லை. உகந்தை மலை முருகன் ஆலயத்துக்கு அருகே தொடங்கும் குமண தேசிய பூங்காவின் வழி, திருவிழாக் காலத்தையொட்டி ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கே யாத்திரிகர்களுக்குத் திறந்துவிடப்படுகிறது. திறக்கும் நாளும் மூடும் நாளும் ஆண்டுதோறும் மாறுகின்றன. ஆகையால் மாவட்டச் செயலகத்தின் அறிவித்தல் வந்த பின்னரே அலுவலகத்தில் விடுமுறைக்கு விண்ணப்பியுங்கள். அதற்கப்பால் கும்புக்கன் ஆற்றைக் கடந்து, யால வனத்தினூடாகக் கதிர்காமத்தை அடைய, நடப்பவரின் வேகத்தைப் பொறுத்து நான்கு முதல் ஆறு நாட்கள் செல்லும்.

பயிற்சியை 5 கிலோமீற்றரில் தொடங்கி, வாரத்தில் நான்கு நாள் நடந்து, வாரக்கடைசியில் ஒரு நீண்ட நடையாகத் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செல்லலாம். புறப்படுவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது 20 கிலோமீற்றரை ஒரே நாளில் நடக்கவும், மறுநாள் காலையிலும் எழுந்து 10 கிலோமீற்றர் நடக்கவும் முடிய வேண்டும். இந்த இரண்டாம் நாள் நடையைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் முதல் நாளில் எவரும் நன்றாக நடப்பார். நோவு பிடித்த தொடையோடும் வீங்கிய பாதத்தோடும் மீண்டும் நடக்க முடிகிறதா என்பதை மறுநாளே காட்டும். இதற்கு ஏற்ற வழிகள் நம்மிடம் நிறையவே உண்டு. மண்முனைப் பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலைக்குச் செல்லலாம். குருமண்வெளித் துறையில் பாதை எனப்படும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்து மண்டூருக்குச் சென்று, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்வெளிகளினூடாக நடக்கலாம். காட்டு வழியில் மணல் அதிகம் என்பதால், கல்லடிக் கடற்கரையிலும் வாரத்தில் ஒரு நாள் நடக்க வேண்டும். தார்வீதியில் மணிக்கு 4 அல்லது 5 கிலோமீற்றர் செல்பவர் மணலில் 3 கிலோமீற்றர் செல்வதே பெரிது. இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காமல் வகுக்கும் பயணத்திட்டங்கள் இரண்டாம் நாளே குழம்பிவிடும்.

பாதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நேர்த்திக்காக வெறுங்காலோடு நடப்பவர்கள் நம்மிடையே பலர் இருக்கின்றனர்; அந்த விரதத்தை மதிக்கிறேன். ஆயினும் அவர்களும் பயிற்சிக் காலம் முழுவதும் வெறுங்காலோடு நடந்து உள்ளங்காலை உரப்படுத்த வேண்டும்; முள்ளுக்கும் கொதிக்கும் தாருக்கும் உதவியாக ஒரு சோடி பாட்டாவைப் பொதிக்குள் வைத்திருக்க வேண்டும். சப்பாத்து அணிபவர்கள் யாத்திரைக்கென்று புதிதாக வாங்கிய சப்பாத்தோடு புறப்படக் கூடாது. நீண்ட நடையில் பாதம் வீங்கும் என்பதால், விரல்களுக்கு முன்னே சற்று இடம் இருக்கும் அளவில் வாங்கி, பயிற்சி நாட்களிலேயே அதை அணிந்து பழகிக்கொள்ளுங்கள். நகங்களைப் புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன் நேராக வெட்டிவிட வேண்டும். நடக்கும்போது பாதத்தில் ஓரிடம் சுடுவதுபோல் தோன்றினால், அது கொப்பளம் எழப்போவதற்கான அறிகுறி. குழுவினர் முன்னே போகிறார்களே என்று எண்ணாமல் அந்த இடத்திலேயே அமர்ந்து, மணலைத் தட்டி, ஈரத்தைத் துடைத்து, பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ள வேண்டும். கொப்பளம் எழுந்துவிட்டால் மேல்தோலை உரிக்கக் கூடாது; நடக்க முடியாத அளவு பெரிதானால் மட்டும், சுட்டு ஆறவைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றி, தோலை அப்படியே விட்டு மூடிக்கட்டலாம்.

யாத்திரைக் காலத்தில் வீசும் கச்சான் எனப்படும் வறண்ட தென்மேற்குக் காற்று, வியர்வையைத் தோன்றும் முன்னரே உலர்த்திவிடும். உடல் எவ்வளவு நீரை இழக்கிறது என்பது நடப்பவருக்கே தெரியாமற்போவதற்கு இதுவே காரணம். வெயிலில் நடக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் அரை லீற்றர் முதல் முக்கால் லீற்றர் வரை தேவைப்படலாம். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டும். சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தால் போதாமல் குடிக்கிறீர்கள் என்று பொருள். வெறும் தண்ணீரை மட்டும் மிகுதியாகக் குடிப்பதும் நல்லதன்று, வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. தேசிக்காய்ச் சாற்றில் உப்பும் சீனியும் கலந்து குடிப்பதோ, ஜீவனி என்னும் உப்புச்சீனிக் கரைசல் தூள் பொதி ஒன்றை அதில் குறிப்பிட்டுள்ள அளவு தண்ணீரில் கரைத்துக் குடிப்பதோ உதவும். காட்டுக்குள் சில இடங்களில் நீர்த்தாங்கிகள் வைக்கப்படுகின்றன; ஆயினும் அடுத்த தாங்கியில் நீர் இருக்கும் என்ற நம்பிக்கையில் வெறும் போத்தலோடு நடக்க வேண்டாம். ஆற்றுமணலில் தோண்டிய ஊற்றுநீர் தெளிவாகத் தெரிந்தாலும் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். ஒருவருக்குத் தலைசுற்றி, பேச்சுத் தடுமாறி, உடல் நெருப்பாய்க் கொதித்தால் அது வெறும் களைப்பு அல்ல. உடனே நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிற வேண்டும். தொலைபேசித் தொடர்பு உள்ள இடமாயின் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும், காட்டுக்குள் என்றால் அருகிலுள்ள பாதுகாப்புப் படையினரிடம் அறிவிக்க வேண்டும்.

பொதியின் நிறை உடல் நிறையில் பத்திலொரு பங்கைத் தாண்டாதிருப்பது நல்லது. இரண்டு சாரம் அல்லது இரண்டு மாற்றுடை, விரித்துப் படுக்கவும் மழைக்கு மூடவும் ஒரு தறப்பாள், ரோச் லைற், கத்தி, வழமையான மருந்துகள், அடையாள அட்டை ஆகியவை போதும். அவல், பொரிமா, கச்சான், எள்ளுப்பாகு, சர்க்கரை போன்றவை நிறை குறைந்தவை, சமைக்கத் தேவையற்றவை. அரிசியையும் பருப்பையும் பாத்திரங்களையும் குழுவினர் பங்கிட்டுச் சுமக்கலாம். இரவில் உணவுப் பொதிகளைத் தலைமாட்டில் வைத்து உறங்க வேண்டாம், வாசனை விலங்குகளை அழைக்கும். வறண்ட புல்லுக்கு அருகே அடுப்பு மூட்டுவதையும், அணைக்காமல் விட்டுச் செல்வதையும் எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது. கொண்டுபோன பொலித்தீனையெல்லாம் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

நேரம் குறித்து ஒரு முக்கியமான மாற்றத்தை நினைவில் வைத்திருங்கள். பொத்துவிலுக்கு முன்னுள்ள ஊர்களுக்கிடையே விடியுமுன் நான்கு மணிக்கே புறப்பட்டு, வெயில் ஏறும் பத்து மணிக்குள் அன்றைய தூரத்தில் பெரும்பகுதியை முடித்துவிடுவது சிறந்தது. வாகனங்களுக்குத் தெரியும்படி வெளிர்நிற ஆடை அணிந்து, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி வலப்பக்கமாக நடக்க வேண்டும். பொத்துவிலுக்கு அப்பால் இதே வழக்கத்தைத் தொடர்வது ஆபத்தானது, ஏனெனில் அந்தி சாய்ந்த பின்னரும் விடியுமுன்னரும் யானைகள் வழிகளில் நடமாடுகின்றன. அங்கே நன்கு வெளிச்சம் வந்த பின்னரே புறப்பட்டு, பொழுது இருக்கும்போதே தங்குமிடத்தை அடைந்துவிட வேண்டும். படுவான்கரையின் மேற்கு எல்லையோரக் கிராமங்களில் பயிற்சி செய்வோருக்கும் இது பொருந்தும். தனியாக நடக்காமல், மிக மெதுவாக நடப்பவரின் வேகத்தையே குழுவின் வேகமாகக் கொள்ளுங்கள். கும்புக்கன் ஆற்றில் முதலைகள் உண்டு. எல்லோரும் இறங்கும் ஆழமற்ற துறையில் மட்டும் குளிக்கவும்.

நீரிழிவு உள்ளவர்கள் பாதயாத்திரைக்கு முன் கட்டாயம் கிளினிக் சென்று பாதங்களைக் காட்ட வேண்டும், உணர்ச்சி குறைந்த காலில் முள் தைத்தாலும் தெரிவதில்லை. அவர்கள் வெறுங்காலோடு நடக்காதிருக்குமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். உயர் குருதியழுத்தத்துக்கு மருந்து எடுப்போர், வெயிலில் பல நாள் நடக்கப்போவதை வைத்தியரிடம் சொல்லி அளவைக் கேட்டறிய வேண்டும். வயல் வரம்பும் சேறும் உள்ள வழிகளில் காயப்பட்ட காலோடு நடப்போருக்கு எலிக்காய்ச்சல் தொற்றும் வாய்ப்பு உண்டு. தடுப்பு மருந்து தேவையா என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். வீடு திரும்பி ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண்சிவப்பும் வந்தால், பரசிற்றமோலோடு காத்திராமல் வைத்தியசாலைக்குச் சென்று, எந்தெந்த நீர்நிலைகளில் இறங்கினீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.