ஜிபிஎஸ் பொய் சொல்லும் வான்வெளியில் விமானம் ஓட்டுவது

பாம்பனிலிருந்து புறப்படும் விசைப்படகுகளில் இன்று ஜிபிஎஸ் சாதாரணமாகிவிட்டது. ஆனாலும் கருவி காட்டும் இடத்தில் சந்தேகம் எழுந்தால், ராமேசுவரம் கோபுரமும் 323 மீட்டர் உயர டிவி டவரும் எந்தெந்தத் திசையில் தெரிகின்றன என்று பார்த்துப் படகு நிற்கும் இடத்தைச் சொல்லிவிடும் பெரியவர்கள் நம் கரையில் இருக்கிறார்கள். கீழக்கரையிலிருந்தும் தேவிபட்டினத்திலிருந்தும் விமானி பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள், அந்தக் கண்ணோடு இதைப் படிக்கலாம்.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் ஜிபிஎஸ் அலை மிகவும் மெலிந்தது என்பதால், தரையிலிருந்து அதே அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பினாலே அது அமுங்கிவிடும். இது ஜாமிங். ஸ்பூஃபிங்கில் அசலைப் போன்ற போலி அலை வந்து தவறான இடத்தையும் நேரத்தையும் காட்டுவதால், ஆபத்து அதில்தான் அதிகம். 2023 செப்டம்பர் முதல் ஈராக் வான்வெளியில் விமானங்கள் இதில் சிக்கின; கிழக்கு மத்தியதரைக் கடலும் கருங்கடலும் இன்றும் பெயர்போன இடங்கள்.

புறப்படும் முன்பே, விமானிகளை எச்சரிக்கும் நோட்டாம் அறிவிப்புகளைப் படித்து, தொல்லை எங்கே தொடங்கும் என்பதை வழித்தடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கைக்கடிகாரத்தையும் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்துக்குச் சரிசெய்யுங்கள். அந்தப் பகுதிக்குள் நுழைவதற்கு முன்பே, உங்கள் நிறுவனக் கையேடு அனுமதித்தால், விமான மேலாண்மைக் கணினி ஜிபிஎஸ்ஸை எடுத்துக்கொள்ளாதபடி செய்துவிடுங்கள். பொய் கலந்த பிறகு பிரித்தெடுப்பதைவிடக் கலக்காமல் காப்பது எளிது. ஐஆர்எஸ் எனப்படும் நிலைமக் கருவி, வெளியிலிருந்து எதையும் கேட்காமல், விமானத்தின் முடுக்கத்தையும் திரும்பலையும் மட்டும் அளந்து இடத்தைக் கணிக்கிறது. மணிக்கு ஓரிரு கடல் மைல் வரை அது விலகக்கூடும். தரையிலுள்ள இரண்டு டிஎம்இ (தூரம் அளக்க உதவும் ரேடியோ) நிலையங்களிலிருந்து விமானம் இருக்கும் தூரத்தைக் கொண்டு அந்த விலகலைக் கணினி திருத்திக்கொள்ளும். நம் பெரியவர்கள் திசையைப் பார்க்கிறார்கள், டிஎம்இ தூரத்தைப் பார்க்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

கடிகாரம் திடீரெனத் தாவுவது, காற்றின் வேகம் பொருந்தாத எண்ணில் நிற்பது, ஐஆர்எஸ் இடத்துக்கும் ஜிபிஎஸ் இடத்துக்கும் இடைவெளி விரிவது ஆகியவை முதல் அறிகுறிகள். உடனே, குறித்த திசையை நோக்கி மட்டும் பறக்கும் ஹெடிங் முறைக்கு மாறி, கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவித்து, ராடார் வழிகாட்டுதலைக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

முப்பதாயிரம் அடிக்கு மேல், கீழே மலையே இல்லாத இடத்தில், பொய்யான ஜிபிஎஸ் இடத்தை நம்பி, 'புல் அப்' (மேலே ஏறு) என்று தரை எச்சரிக்கைக் கருவி அலறலாம். அது பொய்தான் என்று உயரமானியையும் வரைபடத்தையும் பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம். இறங்கும் நேரத்திலோ, இரவிலோ, மேகத்துக்குள்ளோ அதே குரல் கேட்டால் விவாதத்துக்கு இடமில்லை, ஏறத்தான் வேண்டும். அலறிப் பழகிய கருவியை அலட்சியப்படுத்தும் மனநிலையே எனக்கு ஜாமிங்கைவிட அச்சம் தருவது.

இறங்குவதற்கு ஜிபிஎஸ் தேவைப்படாத, ஓடுபாதையருகே உள்ள ரேடியோ அலைகள் வழிகாட்டும் ஐஎல்எஸ் முறையைத் திட்டமிடுங்கள்; பகுதியைத் தாண்டியதும் அவசரப்பட்டு ஜிபிஎஸ்ஸைச் சேர்க்காமல், நேரமும் இடமும் மற்றக் கருவிகளோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே சேர்த்துக்கொள்ளுங்கள். பாதிப்பு தொடங்கிய, முடிந்த நேரங்களையும் இடங்களையும் டெக் லாக் எனப்படும் விமானத்தின் குறிப்பேட்டில் எழுதி, அறிக்கையும் அனுப்பிவிடுங்கள். அதே விமானத்தை அடுத்து எடுப்பவர் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.