டிரெய்லர் இழுக்கும் டீசல் பிக்கப்: மைலேஜ் எங்கே குறைகிறது, எப்படிக் காப்பது?

அமெரிக்காவில் புதிய கார் வாங்கச் செல்பவர், அதன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்தே அது ஒரு கேலனுக்கு எத்தனை மைல் ஓடும் என்பதைத் தெரிந்துகொள்ளலாம். ராம் 2500, ஃபோர்டு எஃப்-250, செவர்லே சில்வராடோ 2500 போன்ற கனரக டீசல் பிக்கப்புகளின் தாளில் அந்த எண்ணைத் தேடினால் கிடைக்காது. வண்டியும் அது சுமக்கும் பாரமும் சேர்ந்து 8,500 பவுண்டுக்கு மேல் அனுமதிக்கப்பட்ட பிக்கப்புகளுக்கு மைலேஜை அச்சிட வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. எனவே இவற்றின் மைலேஜை உரிமையாளரே அளந்து, உரிமையாளரே காரணம் தேட வேண்டியிருக்கிறது. வெறும் வண்டியாக நெடுஞ்சாலையில் கேலனுக்கு 20 மைல் தரும் ஒரு பிக்கப், பின்னால் 30 அடி நீள கேம்பர் டிரெய்லரை (சமைத்து உறங்கும் வசதியுள்ள இழுவண்டியை) கட்டியதும் 10 மைலுக்கு, அதாவது லிட்டருக்குச் சுமார் 4.25 கிலோமீட்டருக்கு இறங்கிவிடுவது இயல்பே. அதைப் பழுது என்று எண்ணிப் பட்டறைக்கு ஓட வேண்டியதில்லை.

அந்த 10 மைலை 11 ஆக்கினால் என்ன பெரிய லாபம் என்று சிலர் கேட்பதுண்டு. நூறு மைலுக்கு எத்தனை கேலன் எரிகிறது என்று கணக்கிட்டால் விடை தெரியும். 10 மைல் தரும்போது நூறு மைலுக்கு 10 கேலனும், 11 மைல் தரும்போது ஏறத்தாழ 9.1 கேலனும் செலவாகின்றன. வெறும் வண்டியில் 20 மைலை 24 ஆக உயர்த்தினால்கூட நூறு மைலுக்கு இந்த அளவு மிச்சமாகாது. டிரெய்லர் கட்டியிருக்கும்போது கிடைக்கும் ஒவ்வொரு மைலும் அவ்வளவு மதிப்புள்ளது.

முதலில் சரியாக அளக்க வேண்டும்

டாஷ்போர்டில் தெரியும் சராசரி எண் பெரும்பாலும் உண்மையைவிடச் சற்று அழகாகவே இருக்கும். பங்க்கில் டேங்கை நிரப்பி, ஓடிய மைலை ஊற்றிய கேலனால் வகுப்பதே நம்பகமான வழி. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. டீசல் நுரைக்கும். லாரிகளுக்கான வேகமான குழாயில் பிடித்தால் நுரை மேலே எழுந்து, டேங்க் நிறைவதற்கு முன்பே குழாய் நின்றுவிடும். அப்படி நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் மாறும். ஆகவே கார்களுக்கான சிறிய குழாயையே பயன்படுத்தி, வேகத்தைக் குறைத்துவைத்து, முதல் முறை தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும். ஒரு டேங்கை மட்டும் வைத்து முடிவுக்கு வராமல், குறைந்தது மூன்று டேங்குகளின் மொத்த மைலையும் மொத்த கேலனையும் சேர்த்துக் கணக்கிடுவது நல்லது. கம்பெனி டயருக்குப் பதிலாகப் பெரிய டயரைப் போட்டிருந்தால் ஓடோமீட்டர் ஓடிய தூரத்தைக் குறைத்தே காட்டும். 33 அங்குலத்திலிருந்து 35 அங்குலத்துக்கு மாறியவருடைய கணக்கில் சுமார் 6 சதவீதம் காணாமல் போயிருக்கும். கைப்பேசியின் ஜிபிஎஸ் காட்டும் தூரத்தோடு ஒப்பிட்டால் இந்தப் பிழையைத் திருத்திக்கொள்ளலாம்.

எடையைவிடக் காற்றே பெரிய எதிரி

டிரெய்லர் கட்டுபவர்கள் முதலில் கவலைப்படுவது எடையைப் பற்றித்தான். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்கிறார்கள், அடுப்புப் பாத்திரங்களை எண்ணிக் குறைக்கிறார்கள். சமதள நெடுஞ்சாலையில் இதனால் கிடைக்கும் பயன் மிகச் சிறிது. பிக்கப்பும் கேம்பரும் சேர்ந்து 7,500 கிலோ என்று வைத்துக்கொண்டு ஒரு தோராயக் கணக்குப் போடலாம். டயர்கள் உருள்வதால் ஏற்படும் தடை எடையில் ஏறக்குறைய ஒரு சதவீதம் என்று கொண்டால், அது 75 கிலோ எடை பின்னோக்கி இழுப்பதற்குச் சமம். எட்டடி அகலமும் பத்தடிக்கு மேல் உயரமும் கொண்ட கேம்பரின் முகப்பு 65 மைல் வேகத்தில் சந்திக்கும் காற்றுத்தடையோ 200 கிலோவை எளிதில் தாண்டும். இந்த நிலையில் 500 கிலோ சாமானை இறக்கி வைத்தால் குறைவது 5 கிலோ இழுவைதான். அதற்கு மாறாக வேகத்தை 70 மைலிலிருந்து 65 ஆகக் குறைத்தால் 30 கிலோவுக்கு மேல் குறைகிறது. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதே இதற்குக் காரணம். 55 மைலிலிருந்து 65 மைலுக்குப் போகும்போது வேகம் 18 சதவீதம் உயர்கிறது. தடை 40 சதவீதம் உயர்கிறது.

ஆகவே இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய முடியும் என்பவர் வேகத்தைத் தானாகப் பிடித்து வைக்கும் குரூஸ் கண்ட்ரோலை 60 அல்லது 62 மைலில் வைத்துக்கொள்ளட்டும். 300 மைல் பயணத்தில் 65-க்குப் பதிலாக 60 மைலில் சென்றால் கூடுதலாக 23 நிமிடம்தான் ஆகும். ஒரு காபிக்கு நிறுத்தும் நேரம். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு 55 மைலே சட்டப்படியான உச்ச வேகம் என்பதால் அங்கே இந்த விவாதத்துக்கே இடமில்லை. டிரெய்லருக்கான எஸ்டி வகை டயர்கள் பலவும், வேறு குறியீடு இல்லாவிட்டால், 65 மைல் வேகத்துக்கு உட்பட்டே தயாரிக்கப்படுகின்றன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்பதும் கணக்கில் சேரும். 60 மைலில் செல்லும் வண்டியை 15 மைல் வேக எதிர்க்காற்று சந்தித்தால், கேம்பரின் முகப்புக்கு அது 75 மைல் வேகக் காற்றாகிவிடும். தடை ஒன்றரை மடங்குக்கும் மேலாகும். கான்சஸ் சமவெளியில் ஒரு வசந்த காலத்தில் இதை நானே அனுபவித்தேன். கேலனுக்கு 11 மைல் தந்துகொண்டிருந்த வண்டி எட்டுக்கு இறங்கவே, ஏதோ கோளாறு என்று அஞ்சி இரண்டு முறை நிறுத்தி எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தேன். சாலையோரப் புல்லெல்லாம் என்னை நோக்கித் தலைசாய்ந்து கிடந்ததை மூன்றாவது முறை நிறுத்தியபோதுதான் கவனித்தேன். அத்தகைய பகுதிகளில் காற்று தணிந்திருக்கும் விடியற்காலையில் புறப்பட்டு நண்பகலுக்குள் தூரத்தைக் கடந்துவிடுவது, எந்த உதிரிபாகத்தையும்விட அதிக டீசலை மிச்சப்படுத்தும்.

பிக்கப்பின் பின்கதவைத் திறந்து வைத்தால் காற்று தடையின்றிப் போகும் என்ற நம்பிக்கை தவறு. மூடிய கதவுக்கு முன்னால் பெட்டிக்குள் காற்று சுழன்று ஒரு மெத்தைபோல் நின்று, மேலே வரும் காற்றை வழுக்கி அனுப்பிவிடுகிறது. கதவை மூடியே ஓட்ட வேண்டும்.

ஏற்றத்தில் நிலைமை மாறுகிறது

எடைக்கு உண்மையான விலை கொடுக்கும் இடம் மலைச்சாலை. அதே 7,500 கிலோவை 6 சதவீத ஏற்றத்தில் இழுக்க 450 கிலோ கூடுதல் இழுவை வேண்டும். காற்றும் உருளும் தடையும் சேர்ந்தாலும் இதற்கு ஈடாகாது. கொலராடோவின் ஐ-70 சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கத்துக்கு ஏறுபவர்கள் 7 சதவீத ஏற்றத்தையே சந்திக்கிறார்கள். இங்கே வேகத்தைப் பிடித்து வைக்க ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்துவதால் டீசலும் வெப்பமும் மட்டுமே கூடுகின்றன. வலப்பக்கத் தடத்துக்கு மாறி, 45 அல்லது 50 மைலில் எஞ்சின் திணறாத கியரில் ஏறுவதே நல்லது. ராம் பிக்கப்புகளுக்கு 2019-ல் வந்த கம்மின்ஸ் 6.7 லிட்டர் எஞ்சினின் உயர்திறன் வடிவம் தன் உச்சத் திருப்புவிசையான 1,000 பவுண்டு-அடியை 1,800 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு 1,800 சுற்றிலேயே) தந்துவிடுகிறது. டீசல் எஞ்சினை பெட்ரோல் எஞ்சின்போல அலற விட வேண்டிய தேவை இல்லை.

கியர் மேலும் கீழுமாக அடிக்கடி மாறிக்கொண்டிருந்தால் பாரம் இழுப்பதற்கென்றே உள்ள டோ/ஹால் பொத்தானை அழுத்திவிட வேண்டும். அது கியர் மாறும் இடத்தைத் தள்ளி வைப்பதோடு, இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வண்டியைப் பிடித்துக்கொள்ளவும் உதவும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கும்போது, புகை வெளியேறுவதைத் தடுத்து எஞ்சினை மெதுவாக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் சேர்ந்தால், பல இடங்களில் எஞ்சினுக்கு டீசலே செல்லாது. பிரேக் பேடும் தப்பிக்கும். முற்றிலும் சமதளமான, காற்றில்லாத சாலையில் சில வண்டிகள் டோ/ஹால் இல்லாமல் சற்று நன்றாக மைலேஜ் தரும். அதைத் தம் வண்டியில் ஓட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

டயர், ஹப், பிரேக்

எல்லா டயர்களின் சராசரி அழுத்தமும் 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. டிரெய்லர் டயரில் 80 இருக்க வேண்டிய இடத்தில் 60 இருப்பது அரிதன்று. மைலேஜைவிடப் பெரிய ஆபத்து, அந்த டயர் சூடேறி வெடிப்பதுதான். வெயில் ஏறுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அழுத்தத்தைப் பார்க்க வேண்டும்.

புறப்பட்டு அரை மணி நேரம் ஆனதும் ஒரு ஓய்விடத்தில் நிறுத்தி, டிரெய்லரின் ஒவ்வொரு சக்கர ஹப்புக்கும் (சக்கரத்தின் மையப் பகுதிக்கும்) அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பது என் வழக்கம். நான்கும் ஒரே அளவில் வெதுவெதுப்பாக இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் தகித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங்கில் கிரீஸ் தீர்ந்துவிட்டது என்று பொருள். பிடித்த பிரேக்கோடு ஒரு நாள் முழுவதும் ஓட்டிவிட்டு மைலேஜ் போதவில்லை என்று டீசலைக் குறை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், டிரெய்லரைப் பிக்கப்போடு பிணைக்கும் ஹிட்ச் மீது இறங்க வேண்டும். அது கூடி பிக்கப்பின் பின்புறம் அமிழ்ந்தால் முன்சக்கரப் பிடிப்புத் தளரும். குறைந்தால் டிரெய்லர் ஆடும்.

கரி வடிகட்டியும் குளிர்காலமும்

இன்றைய டீசல் பிக்கப்புகளின் புகைக்குழாயில் கரித்தூளைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி உள்ளது. அது நிறையும்போது வண்டியே கூடுதல் டீசலைச் செலுத்தி உள்ளே சேர்ந்த கரியை எரித்துவிடுகிறது. அப்போது மைலேஜ் திடீரெனச் சரியும். பள்ளிக்கும் கடைக்கும் மட்டுமே ஓடும் வண்டியில் இது அடிக்கடி நடக்கும். டிரெய்லர் இழுக்கும்போது புகையே போதிய சூட்டில் இருப்பதால் கரி தானாகவே எரிந்துகொண்டிருக்கும். குளிர்காலத்தில் உறையாமல் இருக்கக் கலக்கப்படும் டீசலில் ஆற்றல் சற்றுக் குறைவு. குளிர்ந்த காற்றின் அடர்த்தியும் அதிகம். எனவே ஜனவரிக் கணக்கை ஜூலைக் கணக்கோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

வடிகட்டியைக் கழற்றி எறிந்தால் மைலேஜ் கூடும் என்று ஆசைகாட்டுபவர்கள் எங்கும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டப்படி அது சட்டவிரோதம், உத்தரவாதமும் போய்விடும்.

இனிமேல்தான் வண்டி வாங்கப் போகிறவர், பின் அச்சின் கியர் விகிதத்தையும் (சக்கரம் ஒரு முறை சுற்ற அதைச் சுழற்றும் தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதையும்) கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றவை ஒன்றாக இருக்க, 4.10 விகிதம் உள்ள வண்டியின் எஞ்சின் 3.73 உள்ளதைவிட அதே வேகத்தில் 10 சதவீதம் அதிகமாகச் சுழலும். ஃபோர்டும் ஜிஎம்மும் 2020 மாடலிலிருந்து கனரக டீசல் பிக்கப்புகளில் 10 கியர் தரத் தொடங்கியபின் இந்த வேறுபாட்டின் கடுமை குறைந்துவிட்டது. மலைப்பகுதியில் பிக்கப்பின் பெட்டிக்குள்ளேயே பிணைக்கப்படும் மிகக் கனமான ஃபிஃப்த் வீல் டிரெய்லரை அடிக்கடி இழுப்பவருக்கு 4.10 பொருந்தும், ஆண்டுக்கு நான்கைந்து முறை கேம்பர் கட்டி மற்ற நாட்களில் வெறும் வண்டியாக ஓட்டுபவருக்கு 3.73 போதும்.