கடலூரில் பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்குவது: நடைமுறையும் செலவும்

முந்திரியை உடைத்துத் தரம் பிரித்து விற்கும் தொழிலைப் பண்ருட்டிக்காரரான என் மைத்துனரும் நானும் சில ஆண்டுகள் கூட்டு வியாபாரமாகவே நடத்தி வந்தோம். கொள்முதலுக்குப் பெரிய கடன் வாங்க வேண்டி வந்தபோதுதான், வியாபாரம் நொடித்தால் கடன்காரர் எங்கள் சொந்த வீடு வரைக்கும் வர முடியும் என்பது உறைத்தது. கம்பெனியாகப் பதிவு செய்தால் பங்குதாரரின் பொறுப்பு அவர் எடுத்துக்கொண்ட பங்குத்தொகையோடு நின்றுவிடும். ஆனால் வங்கிக் கடனுக்கு இயக்குநர் என்ற முறையில் தனிப்பட்ட உத்தரவாதம் எழுதிக் கொடுத்தால், அந்தக் கடனைப் பொறுத்தவரை இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே கையெழுத்திடும் முன் கடன் பத்திரத்தை வரி விடாமல் படிக்க வேண்டும்.

2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் எல்.எல்.பி. என்னும் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மையும் பொறுப்பை வரையறுப்பதுதான். ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயையும் பங்களிப்பு (கூட்டாளிகள் போடும் முதல்) 25 லட்சத்தையும் தாண்டாதவரை அதற்குக் கட்டாயத் தணிக்கை கிடையாது என்பதால், சிறிய தொழிலுக்கு அதுவே சிக்கனமானது. பிற்பாடு வெளியாரிடம் பங்கு கொடுத்து முதலீடு திரட்டும் எண்ணம் இருந்ததால் நாங்கள் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி பிரைவேட் லிமிடெட் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தோம். அதற்குக் குறைந்தது இரண்டு பங்குதாரர்களும் இரண்டு இயக்குநர்களும் வேண்டும். அந்த இருவரே இரண்டு பொறுப்பிலும் இருக்கலாம்.

முதல் வேலை, இணையப் படிவங்களில் கையெழுத்திடப் பயன்படும் டிஜிட்டல் கையொப்பம் வாங்குவது. ஒருவருக்கு ஏறத்தாழ 1,500 முதல் 2,500 ரூபாய் வரை ஆகும். நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. பான் அட்டையோ இனிஷியலை ஏற்காமல் அப்பா பெயரை முழுதாக விரித்துக் கேட்கிறது. என் மைத்துனருக்கு ஆதாரில் ஒற்றை எழுத்தாகவும், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாகவும், வங்கிப் புத்தகத்தில் அது வேறு எழுத்துக்கூட்டலிலும் இருந்தது. டிஜிட்டல் கையொப்பத்தில் உள்ள பெயர் பான் அட்டையோடு ஒத்துப்போக வேண்டும் என்பதால், எல்லாவற்றையும் திருத்தி முடிக்கவே மூன்று வாரம் ஓடிவிட்டது. வேறு எதற்கும் பணம் கட்டுவதற்கு முன், எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது கம்பெனியின் பெயர். நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் உள்ள ஸ்பைஸ் பிளஸ் படிவத்தின் முதல் பகுதியில் இரண்டு பெயர்களை முன்மொழியலாம். கட்டணம் 1,000 ரூபாய். ஏற்கெனவே இருக்கும் ஒரு பெயரோடு ஊர்ப்பெயரைச் சேர்த்தாலோ, ஒருமையைப் பன்மையாக்கினாலோ, இடைவெளி விட்டு எழுதினாலோ விதிகள் அதைப் புதுப்பெயராகக் கொள்வதில்லை. வேறொருவர் வைத்திருந்த பெயரோடு ‘கடலூர்’ என்பதைச் சேர்த்தால் போதும் என்று நினைத்து அனுப்பிய எங்கள் முதல் விண்ணப்பம் இதனால்தான் திரும்பி வந்தது. வணிகச் சின்னப் பதிவேட்டையும் முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. ஒப்புதல் கிடைத்த பெயர் 20 நாட்களுக்கு மட்டுமே உங்களுக்காக ஒதுக்கி வைக்கப்படும்.

பதிவு அலுவலகத்தின் முகவரியை அவசரப்பட்டு முடிவு செய்துவிடாதீர்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருபது கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய தூரம்தான், முள்ளோடையைக் கடந்தால் வேறு ஆட்சிப்பகுதி. கடலூர் முகவரி என்றால் சென்னை நிறுவனப் பதிவாளரின் கீழும், புதுச்சேரி முகவரி என்றால் புதுச்சேரிப் பதிவாளரின் கீழும் கம்பெனி வரும். பிறகு மனம் மாறி எல்லையைத் தாண்டி அலுவலகத்தை மாற்ற நினைத்தால், சிறப்புத் தீர்மானம், நாளிதழ் விளம்பரம், அமைச்சகத்தின் மண்டல இயக்குநரின் ஒப்புதல் என்று டெல்லிக்கு மாற்றுவதற்கு உள்ள அத்தனை படிகளையும் ஏற வேண்டும். கிடங்கு ஒரு பக்கமும் விற்பனைக்கூடம் மறுபக்கமும் இருந்தால், தமிழ்நாட்டுக்கு 33 என்றும் புதுச்சேரிக்கு 34 என்றும் தொடங்கும் இரண்டு ஜிஎஸ்டி பதிவுகள் தேவைப்படும். சொந்தக் கிடங்கிலிருந்து சொந்தக் கடைக்கு மூட்டை அனுப்பினாலும் அது மாநிலங்களுக்கு இடையேயான வழங்கலாகவே கணக்கிடப்படும்.

முகவரிச் சான்றாக இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாகாத மின்கட்டண ரசீதும், இட உரிமையாளரின் ஆட்சேபமின்மைக் கடிதமும் வேண்டும். வாடகை இடமானால் ஒப்பந்தமும் சேர வேண்டும். சொந்த வீட்டையே பதிவு அலுவலகமாகக் காட்டத் தடையில்லை. மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் முதலில் அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

மற்ற விவரங்களைப் படிவத்தின் இரண்டாம் பகுதியில் நிரப்ப வேண்டும். இயக்குநர் எண், பான், வரிப்பிடித்தத்துக்கான டான் எண், வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்கான விண்ணப்பங்களும் இதனோடு சேர்ந்தே போகின்றன. குறைந்தபட்ச மூலதனம் என்ற நிபந்தனை 2015இல் நீக்கப்பட்டுவிட்டது. அங்கீகரிக்கப்பட்ட மூலதனம், அதாவது கம்பெனி வெளியிடக்கூடிய பங்குகளின் உச்ச மதிப்பு, 15 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மத்திய அரசின் பதிவுக் கட்டணமும் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் முத்திரைத் தீர்வையை மட்டும் கட்ட வேண்டும், அதை இணையதளமே கணக்கிட்டுக் காட்டிவிடும். படிவத்துக்கு ஆடிட்டர், கம்பெனி செக்ரட்டரி அல்லது வழக்கறிஞர் போன்ற ஒருவரின் சான்று தேவை. அவருக்கான கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதில்லை. நாங்கள் 8,000 ரூபாய் கொடுத்தோம். கட்டணம் பேசும்போதே அதில் எவையெல்லாம் அடங்கும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி பதிவும் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவும் அரசிடம் இலவசம் என்பதால், அவற்றுக்கு ‘அரசுக் கட்டணம்’ என்று யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

பதிவுச் சான்றிதழ் வந்துவிட்டால் வேலை முடிந்ததாக எண்ணுவது பெரிய தவறு, பணம் வீணாவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். 30 நாட்களுக்குள் முதல் இயக்குநர் குழுக் கூட்டத்தைக் கூட்டி ஆடிட்டரை நியமிக்க வேண்டும். இரண்டு மாதத்துக்குள் பங்குச் சான்றிதழ் வழங்க வேண்டும். ஒப்புக்கொண்ட பங்குத்தொகையை ஒவ்வொருவரும் கம்பெனியின் வங்கிக் கணக்கில் செலுத்தி, 180 நாட்களுக்குள் ஐஎன்சி 20ஏ படிவத்தில் தொழில் தொடக்க அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம், இயக்குநர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வீதம் ஒரு லட்சம் வரை தனி அபராதம்.

வியாபாரமே நடக்காத ஆண்டிலும் தணிக்கை உண்டு, நிதிநிலைக் கணக்குக்கான ஏஓசி 4, ஆண்டு விவர அறிக்கைக்கான எம்ஜிடி 7ஏ என்னும் இரண்டு ஆண்டுப் படிவங்களும் உண்டு. தாமதமானால் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய், அதற்கு உச்சவரம்பும் கிடையாது. இரண்டையும் ஓராண்டு மறந்திருந்தால் 73,000 ரூபாய். கம்பெனியைப் பதிவு செய்ய எங்களுக்கு ஆன மொத்தச் செலவைப் போல அது பல மடங்கு. ஆகவே தொடங்கும் செலவைவிட, ஆண்டுதோறும் ஆடிட்டருக்கும் தாக்கலுக்கும் ஆகும் செலவைத் தொழில் தாங்குமா என்பதை முதலில் கணக்கிடுங்கள். தாங்காது என்று தெரிந்தால், கூட்டு வியாபாரமாகவோ எல்.எல்.பி.யாகவோ இன்னும் சிறிது காலம் நடத்துவதில் குறைவு ஒன்றுமில்லை.

பெயர்ப்பலகையையும் மறந்துவிடாதீர்கள். பதிவு அலுவலகத்தின் வெளியே கம்பெனியின் பெயரும் முகவரியும் அந்த வட்டாரத்து மொழியின் எழுத்திலும் இருக்க வேண்டும் என்று சட்டத்தின் 12ஆவது பிரிவு சொல்கிறது. மஞ்சக்குப்பத்தில் எழுதி வாங்கிய எங்கள் பலகையில் தமிழ்ப்பெயர் மேலேயும் ஆங்கிலப்பெயர் அதன் கீழேயும் இருக்கின்றன.