கார் க்ளெய்ம் பணத்தை நிறுத்தி வைத்த பழைய வங்கிப் பெயர்

பின்னால் வந்த வேன் இடித்து டிக்கி நசுங்கியது. இன்ஷூரன்ஸ் சர்வேயர் பார்த்தார், ஒர்க்‌ஷாப் பில்லை நானே கட்டினேன். பணம் மட்டும் வரவில்லை. கேட்டால் ‘டாக்குமென்ட் பெண்டிங்’. ஆர்.சி., லைசென்ஸ், பில் எல்லாவற்றையும் மறுபடி அனுப்பியும் அதே பதில். “எல்லாருக்கும் லேட்டாத்தான் சார் வரும்” என்றார் ஏஜென்ட். இந்தச் சமாதானத்தை நம்பாதீர்கள்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 155255 எண்ணில் புகார் பதிந்த பிறகுதான் எழுத்தில் காரணம் வந்தது: கார் கடன் கொடுத்த வங்கியின் என்.ஓ.சி. (ஆட்சேபமில்லாச் சான்று) இல்லையாம். கடன் எப்போதோ முடிந்து, படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யிலும் பெயர் நீக்கியாயிற்று. ஆனால் பாலிசியின் ‘ஹைப்போதிகேஷன்’ (கடன் அடமானம்) கட்டத்தில் அதே வங்கி, ஒவ்வொரு புதுப்பித்தலிலும் கூடவே வந்திருக்கிறது. ஆர்.சி. மாறினால் பாலிசி தானாக மாறாது. என்.ஓ.சி.யும் புது ஆர்.சி.யும் இணைத்து எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் திருத்தம்) கேட்டேன். அது ஏறிய வாரமே பணம் கணக்கில் விழுந்தது. அப்பாடா!