கோனி ஐலண்டில் பேஸ்பால் பார்க்கப் போகிறீர்களா? முதலில் காற்றைப் பாருங்கள்

நியூயார்க்கில் புரூக்ளினின் தென்கோடி, கோனி ஐலண்ட் கடற்கரை. அங்கே 2001-இல் திறந்த மைமோனிடிஸ் பார்க்கில் சுமார் 7,000 பேர் உட்காரலாம். நியூயார்க்கின் பெரிய லீக் அணியான மெட்ஸுக்கு இளம் வீரர்களைத் தயார் செய்யும் புரூக்ளின் சைக்ளோன்ஸ் ஆடுவது இங்கேதான். கீஸ்பான் பார்க், எம்சியூ பார்க் என்று பழைய குறிப்புகளில் வருவதும் இதே மைதானம்தான்.

டி, எஃப், என், க்யூ ரயில்கள் நான்குமே ஸ்டில்வெல் அவென்யூவில் முடிகின்றன. மன்ஹாட்டன் நடுவிலிருந்து ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கி சர்ஃப் அவென்யூவில் மேற்கே நடந்தால் சில நிமிடம். வாசலில் பழைய புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி வீரர்களான ஜாக்கி ராபின்சனும் பீ வீ ரீஸும் தோளில் கை போட்டு நிற்கும் சிலை இருக்கும்.

டிக்கெட் எடுக்கும்போதுதான் யோசிக்க வேண்டும். பேட்டர் நிற்கும் இடம் வடக்கே, கடல் தெற்கே. அதனால் முதல் பேஸ் பக்கம், அதாவது பேட்டரின் வலப்பக்கம், உட்கார்ந்தால் மாலை வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும். எதிரே இடது மூலைக்கு அப்பால் 1920-இன் வொண்டர் வீல் ராட்டினமும் 1927-இன் சைக்ளோன் ரோலர் கோஸ்டரும் தெரியும். மூன்றாம் பேஸ் பக்கம், அதாவது பேட்டரின் இடப்பக்கம், என்றால் சூரியன் இறங்கும்வரை கண் கூசும். ஆனால் பாராசூட் ஜம்ப் கோபுரம் நேரே நிற்கும், மேல்வரிசையில் கடலும் கிடைக்கும். தொப்பி இருந்தால் மூன்றாம் பேஸ்தான் எங்கள் ஓட்டு. குழந்தைகளோடு வந்தால் முதல் பேஸ்.

இனி காற்று. கோடை மாலைகளில் அது பெரும்பாலும் கடலிலிருந்து பேட்டரின் முகத்துக்கே அடிக்கும். உயரத் தூக்கிய பந்து வேலியைத் தாண்டி ஹோம் ரன் ஆகும் என்று எழுந்து நிற்பீர்கள். அது வலது மூலையில் அந்தரத்தில் தயங்கி, வேலிக்கு முன்னால் ஃபீல்டர் கையில் விழும். கொடிக்கம்பத்தைப் பாருங்கள்: கொடி பேட்டரை நோக்கிப் பறந்தால் ஸ்கோர் குறைவாக இருக்கும் என்று தைரியமாகச் சொல்லலாம்.

பலர் ஏமாறுவது ஏப்ரலில். 2019 வரை சைக்ளோன்ஸ் ஆடியது, ஜூனில் தொடங்கும் குட்டி சீசன் லீக்கில். 2021 முதல் முழு சீசன்; 2022 முதல் அது ஏப்ரலிலிருந்து செப்டம்பர்வரை. ஏப்ரலில் கடல்நீர் இன்னும் சூடேறியிருக்காது. ஊருக்குள் ஸ்வெட்டர் போதும் என்ற நாளில்கூட இங்கே காற்று புகாத ஜாக்கெட் வேண்டும். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஐந்தாவதுக்குள் விரல் விறைக்கும். ஜூலையிலும் இரவுக்கு முழுக்கைச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் வாங்கினால் தட்டைப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு ஸ்கோர்போர்டைப் பார்க்காதீர்கள். கடற்புறாக்கள் அதற்காகவே காத்திருக்கின்றன.

வழக்கமாகச் செவ்வாய் முதல் ஞாயிறுவரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டம், திங்கள் விடுமுறை. மழையில் செவ்வாய் ஆட்டம் போனால், அதே வாரம் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வைப்பார்கள். ஒவ்வொன்றும் ஒன்பதுக்குப் பதில் ஏழு இன்னிங்ஸ்தான். 2012 சாண்டி புயலில் கடல்நீர் புகுந்தபின் செயற்கைப் புல் போட்டிருப்பதால், சிறு தூறலுக்கெல்லாம் ஆட்டம் ரத்தாகிவிடும் என்று கிளம்பிவிடாதீர்கள்.

கோடை வெள்ளிக்கிழமை கடற்கரையில் வாணவேடிக்கை இருந்தால் அது முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஸ்டேஷனுக்குத்தான் வரும். கடைசி அவுட்டுக்கு முன்னால் கிளம்பத் தேவையில்லை. ரயில் புறப்படுவதே இங்கிருந்து என்பதால், ஒரு வண்டியை விட்டு அடுத்ததில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும்.